சீற்றம் யாருடையது?

மணிமேகலையில் பூம்புகாரைக் கடல் கொண்ட கதை வருகிறது. மகனைக் கடலில் தொலைத்த சோழ மன்னன் துயரத்தில் ஆழ்ந்து, ஆண்டுதோறும் எடுக்க வேண்டிய இந்திர விழாவை மறந்துபோகிறான். அதனால் நகரம் கடலுக்கு இரையாகிறது. வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பதுண்டு. ஒரு திருவிழா நடக்கவில்லை என்பதற்காகக் கடல் பொங்குமா என்று கேட்பார்கள். பொங்காதுதான். ஆனால் சாத்தனார் சொன்ன காரணத்தைத் தள்ளிவிட்ட நாம், அவர் எழுப்பிய கேள்வியையும் சேர்த்தே தள்ளிவிட்டோமோ என்ற ஐயம் சில காலமாக எனக்கு உண்டு. நகரம் அழிந்ததென்றால் கடமை தவறியவர் யார் என்று அந்தக் காப்பியம் கேட்கிறது. பழியைக் கடலின் மீது மட்டும் போட்டு அது கதையை முடித்துக்கொள்ளவில்லை.

நாம் முடித்துக்கொள்கிறோம். புயலோ வெள்ளமோ வந்தால் மறுநாள் நாளிதழிலும் அமைச்சர் அறிக்கையிலும் தவறாமல் இடம்பெறும் தொடர் "இயற்கைச் சீற்றம்" என்பது. தமிழ் கற்பிப்பவன் என்ற முறையில் இத்தொடரின் இலக்கணம் என்னை உறுத்துகிறது. சீறுவது இயற்கை. அதுவே எழுவாய். மனிதன் இதில் செயப்படுபொருளாக மட்டுமே வருகிறான், அதாவது பாதிக்கப்பட்டவனாக. கரையை எழுப்பியவர், அதைத் துளைத்தவர், துளைப்பதைக் கண்டும் காணாமல் இருந்தவர், அனுமதிக் கோப்பில் கையெழுத்திட்டவர் ஆகியோருக்கு இந்த வாக்கியத்தில் இடமே இல்லை. வாக்கியத்தில் இல்லாதவர்களிடம் விசாரணைக் குழுவும் கேள்வி கேட்பதில்லை.

புயல் இயற்கையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் அது பேரிடராக மாறுவது அது வந்து சேரும் நிலத்தின் வரலாற்றைப் பொறுத்தது. இதை விளங்கிக்கொள்ள வங்கதேசத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஏழை நாடு ஒன்று பேரிடர்க் குறைப்பில் அடையக்கூடிய மிகப் பெரிய வெற்றியையும், அந்த வெற்றியின் எல்லையையும் ஒரே கடற்கரையில் காட்டும் நாடு அது.

வெற்றியிலிருந்தே தொடங்குவோம். 1970 நவம்பர் 12 அன்று இரவு, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவுப் பகுதியைத் தாக்கிய புயலில் மூன்று இலட்சம் முதல் ஐந்து இலட்சம் பேர் வரை இறந்தனர். வங்கக் கடலில் புயல் உருவாகியிருப்பது வானிலை ஆய்வாளர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. தீவில் உறங்கிக்கொண்டிருந்த உழவனிடம் அதைக் கொண்டுசேர்க்க ஒழுங்கான வழி எதுவும் இருக்கவில்லை. மேற்குப் பாகிஸ்தான் அரசு காட்டிய மெத்தனம் அடுத்த மாதத் தேர்தலில் எதிரொலித்தது. அடுத்த ஆண்டு தனி நாடு பிறந்ததற்கான காரணங்களில் அந்தக் கோபமும் ஒன்று. புதிய நாடு செஞ்சிலுவை அமைப்போடு சேர்ந்து 1972இல் புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அதன் கருவிகள் மிக எளியவை: எச்சரிக்கைக் கொடி, கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி, ஊதுசங்கு, மிதிவண்டி, ஊருக்குள் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய தொண்டர்கள்.

உடனே பலன் கிடைத்துவிடவில்லை. 1991 ஏப்ரல் 29 புயலில் ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தார்கள். எச்சரிக்கை பல ஊர்களைச் சென்றடைந்தது; சென்று ஒதுங்கப் போதிய காப்பகங்கள் இல்லை. இறந்தவர்களில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகம். குழந்தைகளையும் முதியோரையும் விட்டு நகர முடியாதது, ஆண் துணையின்றி வெளியேறத் தயங்கியது, காப்பகத்தில் பெண்களுக்குத் தனி இடமோ கழிப்பறையோ இல்லாதது என்று காரணங்கள் பின்னர் ஆராயப்பட்டன. அதன்பிறகு காப்பகங்கள் பெருகின. பல காப்பகங்கள் மற்ற நாட்களில் பள்ளிக்கூடமாக இயங்குமாறு கட்டப்பட்டன. இன்று அத்திட்டத்தில் 76,000 பேருக்கு மேல் தொண்டர்கள். அவர்களில் பாதிப்பேர் பெண்கள். 2007 நவம்பரில் வந்த கடும்புயலான சித்ரில் இறந்தவர்கள் சுமார் 3,400. 2020 மே மாதம், பெருந்தொற்றுக்கு நடுவே, அம்பன் புயலுக்கு முன் சுமார் 24 இலட்சம் பேர் இடம்பெயர்க்கப்பட்டனர். வங்கதேசத்தில் அப்போது இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு.

இலட்சங்களிலிருந்து பத்துகளுக்கு வந்த இந்தப் பயணத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. நமது ஒடிசாவும் இதே பாதையில்தான் நடந்தது. 1999 பெரும்புயலில் சுமார் 10,000 பேரை இழந்த அம்மாநிலம், அதே ஆண்டின் இறுதியில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தனக்கென ஒரு பேரிடர் ஆணையத்தை அமைத்தது. 2013இல் ஃபைலின் புயலின்போது பத்து இலட்சம் பேரை வெளியேற்றி, உயிரிழப்பை ஐம்பதுக்குள் நிறுத்தியது. செல்வம் இல்லாவிட்டாலும் உயிரைக் காக்கலாம் என்று இவை நிறுவியிருக்கின்றன.

என்னுடைய கேள்வி இதற்கு அடுத்த நாளைப் பற்றியது. காப்பகத்திலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகிறவருக்கு அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

2009 மே 25 அன்று வங்கதேசத்தின் தென்மேற்குக் கரையையும் மேற்கு வங்கத்தையும் ஐலா புயல் தாக்கியது. காற்றின் வேகத்தைக் கொண்டு பார்த்தால் சித்ருக்கு அருகில்கூட வராத புயல். வங்கதேசத்தில் இறந்தவர்கள் இருநூறுக்கும் குறைவு. இறப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து எழுதப்படும் வரலாற்றில் அது ஒரு சிறு குறிப்பாக முடிந்துவிடும். ஆனால் குல்னா, சாத்கிரா மாவட்டங்களில் கரைகள் உடைந்து உள்ளே புகுந்த உப்புநீர் வடியவே இல்லை. உடைப்புகள் சரிவர அடைக்கப்படாததால், சில பகுதிகளில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் ஓதம் ஏறி இறங்கியது. வயல், குளம், வீட்டுத் தோட்டம் எல்லாம் உவராகின. மக்கள் உடைந்த கரையின் மேலேயே குடிசை போட்டுக் குடியிருந்தார்கள். பலர் டாக்காவுக்கும் குல்னா நகருக்கும் கூலிவேலை தேடிப் போனார்கள். சிறிய புயல் இவ்வளவு பெரிய அழிவைச் செய்தது எப்படி?

அதற்கான விடை அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே தொடங்குகிறது. 1960களில் வெளிநாட்டு உதவியோடு அக்கடற்கரையில் பெருந்திட்டம் ஒன்று நிறைவேற்றப்பட்டது. ஆறுகளுக்கு இடைப்பட்ட தாழ்நிலத் தீவுகளைச் சுற்றி மண்கரை எழுப்பி மதகுகள் வைத்தார்கள். கரை சூழ்ந்த அத்தகைய நிலத்துக்குப் போல்டர் என்று பெயர். ஆலந்து நாட்டிலிருந்து வந்த சொல். நெல் விளைச்சலைப் பெருக்குவதும் உப்புநீரைத் தடுப்பதும் நோக்கம். முதல் இருபது ஆண்டுகள் விளைச்சல் பெருகவும் செய்தது. ஆனால் அந்த நிலம் வண்டலால் ஆனது. ஓதநீர் நாள்தோறும் கொண்டுவந்து படியவிட்ட வண்டல்தான் அதைக் கடல்மட்டத்துக்கு மேலே வைத்திருந்தது. கரை கட்டியதும் வண்டல் உள்ளே வருவது நின்றது. ஆற்றுப் படுகையிலேயே தங்கி ஆற்றை மேடாக்கியது. உள்ளேயிருந்த நிலமோ இறுகித் தாழ்ந்தது. ஐலாவில் மூழ்கிய போல்டர் ஒன்றை ஆராய்ந்தவர்கள், கரைக்கு உள்ளேயிருந்த நிலம் வெளியேயுள்ள சதுப்புக்காட்டு நிலத்தைவிட ஒரு மீட்டருக்கு மேல் தாழ்ந்திருந்ததைக் கண்டார்கள். மக்கள் குடியிருந்தது கிண்ணத்தின் அடியில்; அதன் விளிம்பு வெறும் மண்.

அந்த விளிம்பையும் விட்டுவைக்கவில்லை. 1980களில் ஏற்றுமதிக்கான இறால் வளர்ப்பு அங்கே பரவியது. நெல்லுக்கு ஆகாத உப்புநீர் இறாலுக்கு வேண்டும். அதனால் உப்பைத் தடுக்கக் கட்டிய அதே கரைகளை வெட்டியும், குழாய் செருகியும் உப்புநீரை உள்ளே விட்டார்கள் பண்ணை முதலாளிகள். இப்படி நூற்றுக்கணக்கான இடங்களில் கரை வலுவிழந்தது. நெல்வயலில் கிடைத்த வேலைநாட்களில் சிறு பகுதியே இறால் பண்ணையில் கிடைத்தது. குடிநீருக்காகப் பெண்கள் நெடுந்தூரம் நடக்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பு எழாமல் இல்லை. 22ஆம் எண் போல்டரில், 1990 நவம்பர் 7 அன்று, இறால் பண்ணைக்கு எதிரான ஊர்வலத்தில் முன்னே நின்ற கருணாமயி சர்தார் என்ற நிலமற்ற பெண் கொல்லப்பட்டார். அந்த நாளை மக்கள் இன்றும் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறார்கள். இறாலை உள்ளே விடாத நிலம் என்று பெயர் பெற்றது அந்தப் போல்டர்.

ஆக, ஐலா வந்த நாளில் நிலம் தாழ்ந்திருந்தது, ஆறு உயர்ந்திருந்தது, கரை துளைபட்டிருந்தது. மூன்றும் மனிதர் எடுத்த முடிவுகளின் விளைவு. மூன்றுக்கும் "வளர்ச்சி" என்ற பெயரில் ஒப்புதல் தரப்பட்டிருந்தது. புயல் அந்தக் கணக்கை வசூலிக்க வந்ததே தவிர, கடனை வாங்கியது புயலன்று.

இதைப் பன்னாட்டுக் கொள்கை வகுப்போர் அறியாதவர்கள் அல்லர். 1994இல் யோகோகாமாவில் கூடினார்கள். 2005 சனவரியில், ஆழிப்பேரலை அடித்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், கோபேயில் கூடி ஹியோகோ செயல்திட்டத்தை ஏற்றார்கள். 2015 மார்ச்சில் செண்டாயில் கூடி 2030 வரைக்குமான சட்டகத்தை வகுத்தார்கள். செண்டாய் ஆவணத்தின் நோக்கமே, இருக்கும் இடரைக் குறைப்பதோடு புதிய இடர் உருவாகாமல் தடுப்பது என்றுதான் கூறுகிறது. மிகச் சரியான கூற்று. ஆனால் புதிய இடர் உருவாவது பேரிடர்த் துறையின் அலுவலகத்தில் அன்று. அது மீன்வளத்துறையின் உரிமத்தில், தொழில்துறையின் மனைப்பிரிவில், நெடுஞ்சாலைத் துறையின் வரைபடத்தில் உருவாகிறது. அந்த அறைகளுக்குள் பேரிடர்த் துறைக்கு நாற்காலி இல்லை. புயல் சின்னம் தோன்றிய பிறகுதான் அதற்கு அழைப்பு வருகிறது.

அளவுகோலிலும் ஒரு கோளாறு இருக்கிறது. செண்டாயின் ஏழு இலக்குகளில் முதலாவது உயிரிழப்பைக் குறைப்பது. அதில் ஏழை நாடுகள் முன்னேறியிருக்கின்றன. பொருளிழப்பை உலகின் மொத்த உற்பத்தியோடு ஒப்பிட்டு அளப்பது இன்னொன்று. ஒரு துறைமுகம் சேதமானால் இந்த அளவுகோலில் முள் அசையும். இரண்டு ஆடு, ஒரு குடிசை, குத்தகைக்கு எடுத்த அரை ஏக்கர் ஆகியவற்றை இழந்தவரின் இழப்பு அதில் தென்படுவதே இல்லை. அவரிடம் இழப்பதற்கு அவ்வளவுதான் இருந்தது என்பதே காரணம். எல்லாவற்றையும் இழந்தவரின் இழப்பு கணக்கில் மிகச் சிறியதாகத் தெரிவது எப்படிப்பட்ட கணக்கு என்று நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். ஏழை நாடு அந்நியச் செலாவணியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பது முதலாவது. நியாயமான கேள்வி. ஆனால் இறாலின் வரவு ஒருவர் கணக்கிலும் உடைந்த கரையின் செலவு மற்றொருவர் கணக்கிலும் எழுதப்படும்போது, அதை நாட்டின் வருமானம் என்று எப்படிக் கூட்டுவது? கரையைச் செப்பனிடும் செலவையும், உவரான நிலத்தின் விளைச்சலையும், ஊரைவிட்டுப் போனவர்களின் உழைப்பையும் கழித்துப் பார்த்தபின் மிஞ்சுவதையே இலாபம் என்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இவையெல்லாம் காலநிலை மாற்றத்தின் விளைவு, பணக்கார நாடுகள்தாம் பொறுப்பு என்பது. கடல்மட்டம் உயர்வது உண்மை. அதில் வங்கத்து உழவனுக்குப் பங்கு ஏறக்குறைய இல்லை என்பதும், அந்நாடுகள் இழப்பீடு தரக் கடமைப்பட்டவை என்பதும் உண்மை. ஆயினும் எல்லாப் பழியையும் காலநிலையின் மீது ஏற்றினால், அது "இயற்கைச் சீற்றம்" என்பதன் புதிய பதிப்பாகிவிடும். உள்ளூரில் கரையைத் துளைத்தவர் அந்தப் பெரிய சொல்லின் நிழலில் வசதியாக ஒதுங்கிக்கொள்வார்.

வங்கதேசத்தை மட்டும் பேசி நாம் நழுவிவிட முடியாது. நமக்கும் அதே கடல், அதே இறால். நாகப்பட்டினக் கடற்கரையில் இறால் பண்ணைகள் விளைநிலத்தையும் குடிநீரையும் கெடுப்பதை எதிர்த்து, சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் சென்றார். 1996 டிசம்பர் 11 அன்று நீதிமன்றம், மரபுவழி முறைகள் தவிர்த்த இறால் பண்ணைகளைக் கடற்கரை ஒழுங்காற்றுப் பகுதியிலிருந்து அகற்ற ஆணையிட்டது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். பிறகு வந்த 2005ஆம் ஆண்டை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. அந்த ஆண்டு சூனில் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தது. பதிவு, தூரம் என்று சில நிபந்தனைகளோடு, நீதிமன்றம் வெளியேற்றச் சொன்ன தொழிலைக் கடற்கரைக்குள் சட்டப்படி அமர்த்தியது. அதே ஆண்டு டிசம்பரில், அதே நாடாளுமன்றத்திலிருந்து, பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. மாவட்டப் பேரிடர் ஆணையத்துக்குத் தலைவர் ஆட்சியர். இறால் பண்ணைப் பதிவைப் பரிசீலிக்க விதிகள் அமைத்த மாவட்டக் குழுவுக்கும் தலைவர் ஆட்சியரே. ஒரே மேசை, இரண்டு கோப்புகள். ஒன்றைப் படிக்கும்போது மற்றொன்றைத் திறந்து பார்க்க வேண்டும் என்ற கட்டாயம்தான் இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, அரசு முன்கூட்டியே பல்லாயிரம் பேரை முகாம்களுக்குக் கொண்டுசென்றிருந்தது. அதைப் பலரும் பாராட்டினார்கள், நானும் பாராட்டினேன். என் வகுப்பில் பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த மாணவி ஒருத்தி இருந்தாள். காவிரி நீரை நம்ப முடியாமல் நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறிய குடும்பம். வீட்டில் ஒருவருக்கும் சிறு காயம்கூட இல்லை. தோப்பில் மரம் ஒன்றுகூட நிற்கவில்லை. விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும் அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் அரசு அறிவித்தது. நெட்டை இரகத் தென்னை காய்க்கத் தொடங்கவே ஆறேழு ஆண்டுகள் ஆகும். அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. விசாரித்தபோது திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். கஜா பற்றிய எந்த அறிக்கையிலும் அவள் இழப்பாகப் பதிவாகியிருக்க வழியில்லை. காப்பாற்றப்பட்டவர்களின் எண்ணிக்கையில் வேண்டுமானால் இருப்பாள்.

என்ன செய்யலாம் என்பதற்கும் வங்கத்து உழவர்களே ஒரு விடை வைத்திருக்கிறார்கள். நீர் தேங்கி நிலம் வீணானபோது, 1997இல் பீல் பாய்னா என்ற தாழ்நிலத்தின் கரையை ஊர்மக்கள் தாமே வெட்டி, ஓதத்தை உள்ளே விட்டார்கள். சில ஆண்டுகள் வண்டல் படிந்து நிலம் உயர்ந்தது. வண்டல் சுமை குறைந்து ஆறும் ஆழமானது. கரைகள் வருமுன் அவர்களுடைய முன்னோர் பருவத்துக்குப் பருவம் செய்துவந்த வேலையின் மறுவடிவம்தான் அது. பொறியாளர்கள் பின்னர் அதற்கு ஓத ஆற்று மேலாண்மை என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்டார்கள். அடுத்தடுத்த இடங்களில் அது சிக்கலுக்குள்ளானது. நிலம் நீரில் கிடக்கும் ஆண்டுகளுக்கு உடையவனுக்குத் தர வேண்டிய ஈட்டுத்தொகை ஒழுங்காகப் போய்ச்சேராததும், எங்கே வெட்டுவது என்பதில் ஊராரின் குரல் பின்னுக்குப் போனதும் அதற்கு முக்கியக் காரணங்கள். நுட்பம் கைவசம் இருந்தது. நேர்மையான பங்கீடுதான் இல்லை.

ஆகவே நான் வேண்டுவது இன்னொரு ஆணையத்தையோ, இன்னொரு மாநாட்டையோ அன்று. கடற்கரையில் எந்தத் தொழிலுக்கும் கட்டடத்துக்கும் அனுமதி தருமுன், மூன்று வினாக்களுக்கு அந்த ஊர்க் கிராமசபையின் முன்னால் எழுத்தில் விடை தரப்பட வேண்டும். புயல் வந்தால் இந்த நீர் எங்கே போகும்? யார் நிலம் மூழ்கும்? அந்த இழப்பை யார் ஏற்பார்? விடை இல்லையென்றால் அனுமதி இல்லை என்று சொல்லும் அதிகாரம் பேரிடர் ஆணையத்துக்கு வேண்டும். நீடித்த வளர்ச்சி என்று பெரிதாகப் பேசப்படுவதன் பொருளை என் சிற்றறிவு இந்த மூன்று வினாக்களுக்குள்தான் காண்கிறது.

இந்த ஆண்டும் மணிமேகலை நடத்துவேன். மாணவர்கள் வழக்கம்போலச் சிரிப்பார்கள். கடலிடம் மட்டும் விடை தேடாமல் அரண்மனை வாசலிலும் போய் நின்ற புலவரைப் பற்றி அவர்களிடம் சொல்ல வேண்டும். கடைசி வரிசையில் வெறுமையாகக் கிடக்கும் அந்த இடத்தைப் பற்றியும் முடிந்தால் சொல்ல வேண்டும்.